அடியெடுத்துக் கொடுத்தவள்

குதாயிசி நகர நாடக அரங்கில்
மேடை விளிம்பில் ஒரு பொந்து.
பத்தொன்பது வருஷம் அதுதான் என் வேலை:
கழுத்துவரை தரைக்குக் கீழே,
மூக்குக்கு நேரே பாதங்கள்.

அரசனின் மேலங்கி முயல்தோல்,
கறுப்புப் புள்ளிகள் நான் வைத்த மை.
ராணியின் பட்டுக்குள்ளே கம்பளிக் காலுறை, இரண்டு ஜோடி.
துரோகியின் பூட்ஸுக்கு அட்டையில் அடி.
மேலே யார் என்ன சத்தியம் செய்தாலும்
கீழே எனக்கு அது இவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் ஊரில் மின்சாரம் இல்லை.
ரியோனிப் பாலத்தருகே யாரோ
பியானோவை விறகு விலைக்குக் கொடுத்தார்கள்.
ஆனாலும் ஜனம் வந்தது,
கோட்டைக் கழற்றாமல், கைகளை அக்குளில் செருகி.
அதனால் கைதட்டலே சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

கதை நீங்கள் நினைக்கிற மாதிரிதான்:
அரசனுக்குக் கிண்ணம் ஏந்துகிறவன்.
அவனைவிட நல்லவன் நாட்டில் இல்லை
என்று முதல் அங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்.
இரண்டாவதில் கிண்ணத்தை நீட்டுவான்,
"என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான், அரசே."
நான்காவதில் மகுடம் அவன் கையில்.
ஐந்தாவதைப் பார்க்கத்தான் டிக்கெட்.

வார்லாம் அதை இருபது வருஷமாக நடித்தார்.
விஷம் ஊற்றும்போது முகம் கல்;
பெருவிரல் மட்டும் பூட்ஸுக்குள் துடிக்கும்.
அது எனக்கு மட்டும் தெரியும்.

எல்குஜா இரண்டாம் காவலன்.
ஒரு ஈட்டி, மூன்று வசனம்.
அவன் பூட்ஸ் சொந்தம், தடித்த தோல்,
ஒருநாளும் அசைந்து பார்த்ததில்லை.

ஒரு மாலை இரண்டு லிட்டர் சீமெண்ணெயோடு வந்தான்.
"உங்கள் இருமலுக்கு, மக்வாலா."
வேறொன்றும் கேட்கவில்லை.
படியிறங்கும்போது, திரும்பாமல்:
"வார்லாமுக்கு இப்போதெல்லாம் மறக்கிறதோ?"
"இல்லையே."
"நல்லது. நீங்கள் இருக்கும்வரை அவருக்கென்ன."

சத்தியமாக அவ்வளவுதான் பேச்சு.
ஆனால் அன்றிரவு, அடுப்பு எரிய,
ராணியின் வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
முழுவதும். எழுந்து நின்று.
எனக்கும் ஒரு காலத்தில் குரல் இருந்தது.

சனிக்கிழமை. நான்காம் அங்கம்.
தலைநகரத்து ஆள் முன்வரிசையில்.
மகுடத்தைக் கையிலெடுத்த வார்லாம் நின்றுவிட்டார்.
பெருவிரலும் நின்றது. அப்போதே புரிந்தது.
அடி என் நகத்தின் கீழே இருந்தது:
"இவ்வளவு லேசா இது?"
மூன்றே சொல். மூச்சுவிட்டால் போதும்.

அவர் குனிந்து பார்த்தார்,
கிணற்றில் வாளியை விட்டவன்
கயிறு கனக்கக் காத்திருப்பதுபோல.

மெழுகுவத்தி அணைந்தது.
காற்று என்றார்கள் எல்லோரும்.
காற்றுதான்.
என் உதட்டிலிருந்து.

இருட்டில், ஈட்டி நின்ற மூலையிலிருந்து,
"இவ்வளவு லேசா இது?" என்றது ஒரு குரல்.
மொத்த நாடகமும் அவனுக்கு மனப்பாடம்.
அன்று கைதட்டல் தாமதமாக வரவில்லை.

கிண்ணம் ஏந்தினான். மகுடம் சூடினான்.
மூன்றாம் வருஷம் அரங்கத்துக்கே தலைவனானான்.
முதல் ஆணை: பொந்தைப் பலகை போட்டு மூடு.
புத்திசாலி. உள்ளே என்ன உட்கார்ந்திருக்கும் என்று
அவனைவிட யாருக்குத் தெரியும்?
எனக்கொரு பூங்கொத்து, ஒரு சான்றிதழ்,
"நம் அரங்கின் மனசாட்சி" என்று தங்க எழுத்தில்.
ராணியைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவனும் பேசவில்லை.

இப்போது ஏழாம் வரிசையிலிருந்து பார்க்கிறேன்.
முகங்கள்! எவ்வளவு அழகாக அழுகின்றன.
எனக்கோ பழக்கம் போகவில்லை,
முன்னிருக்கைத் தலைகளுக்கிடையே எட்டி எட்டிக்
கால்களைத் தேடுகிறேன்.

வார்லாம் ஈஸ்டர்தோறும் வருகிறார்,
பையில் வால்நட், சிவப்பு முட்டை இரண்டு.
"பாவம் நீ, அந்தக் காற்று" என்கிறார்.
வருஷாவருஷம் அதே சொல், அதே சிரிப்பு.
போகும்முன் என் ஜன்னல் சட்டத்தை
விரலால் தடவிப் பார்க்கிறார்,
எங்கேனும் இடுக்கு இருக்கிறதா என்று.
நான் குனிந்து கீழே பார்க்கிறேன்.
புது பூட்ஸ். தடித்த தோல்.
ஒன்றும் அசையவில்லை.